முகத்துக்கு முன்னால் ஒரு கை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முகம் முழுக்கக் களிமண் நிறத்தில் எதையோ பூசி, அது காய்வதற்காக என்னை நாற்காலியில் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார் பார்லர் அக்கா. "பேசாதீங்க, சிரிக்காதீங்க. வெடிச்சுடும்" என்றார். பிறகு, எழுந்து ஓட முடியாத ஆள் ஒன்று கிடைத்த தைரியத்தில், தன் வீட்டில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

எழுதுகிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ஏதாவது சொன்னால் குறுக்கே விழுந்து கேள்வி கேட்போம். அப்போது மணி என்ன, அவர் என்ன சட்டை போட்டிருந்தார், உங்களுக்கு எப்படி இருந்தது என்று குடைந்து எடுப்போம். அன்று அதற்கு வழியில்லை. 'ம்' கொட்டக்கூட முடியாமல் நான் கேட்ட ஒரே கதை இது. அதனால் அங்கங்கே ஓட்டை இருக்கிறது. சிலவற்றை நானே அடைத்திருக்கிறேன். அடைத்த இடத்தில் சொல்லிவிடுவேன்.

இன்னொன்று. நேரில் அவரை 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவேன். கதைக்குள் 'அவள்' என்று எழுதப்போகிறேன். கதைக்குள் கால் வைத்துவிட்டால் எல்லோரும் அவள், அவன்தான். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அக்காவின் மேல் எனக்கு இருக்கிற மரியாதையைச் சொல்லத்தான் இத்தனை பக்கமும்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

[புதிய பாட்டில் வந்த அன்று வானம் மூட்டமாக இருந்தது. ஏதோ நடக்கப்போகிறது என்று அவள் மனம்]

வானம் எப்படி இருந்தது என்று அக்கா சொல்லவே இல்லை. அவள் மனமும் ஒன்றும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலையை முடித்துவிடலாம் என்பதைத் தவிர. அடித்துவிட்டேன்.

இரண்டாவது:

[மனிதத் தோல் பல அடுக்குகளால் ஆனது. அவற்றுள் மேலடுக்கானது]

இதை எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், "நாளைக்குப் பரீட்சையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதுவும் போயிற்று.

மூன்றாவதாகப் பாப்பாவிலிருந்து தொடங்கினேன். இது நிற்கிறது.

பாப்பா என்றால் அக்காவின் நாத்தனார், கணவனின் தங்கை. நாற்பதைத் தொடப்போகிறாள். இரண்டு பிள்ளை பெற்றவள். ஆனாலும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான். அவளுடைய பிள்ளைகளே கோபம் வந்தால் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுகின்றன. வேலை, டிவியில். செய்தி ஓடும்போது திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் வருமே, அதற்குள் நின்று காது கேளாதவர்களுக்குக் கையால் செய்தி சொல்கிறவள்.

கையால் என்று நாம் சொல்கிறோம். அந்த மொழியில் கை பாதிதான் பேசும், மீதியை முகம் பேசும். புருவம் ஏறினால் அது கேள்வி. கன்னம் உப்பினால் பெரிது. உதட்டைக் கொஞ்சம் சுழித்தால் சொன்ன செய்தியே தலைகீழாகிவிடும்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுடைய இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. தேநீர் சிந்தி, துடைக்க மறந்து, அப்படியே காய்ந்துபோன மாதிரி பழுப்புத் திட்டு. கட்டம் சின்னதாக இருந்தவரை யாரும் கவனிக்கவில்லை. பிறகு அந்த நல்ல செய்தி வந்தது: வாரம் ஒரு முறை, முழுக்க முழுக்கச் சைகை மொழியிலேயே ஒரு நிகழ்ச்சி. கட்டம் கிடையாது. திரை முழுக்க அவள் மட்டும்.

ஒத்திகையின்போது மேக்கப்காரர் மங்கு தெரியாமல் இருக்க ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசினார். அவள் முகத்தை அசைத்ததும் பூச்சு விரிசல் விட்டது. "முகத்தை ரொம்ப அசைக்காதீங்க மேடம், கேமராவுல கோடு கோடா விழுது" என்றார்கள். ஒரு பாடகியிடம் போய்க் குரலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு பாடுங்கள் என்று சொன்னது போல. அவள் முகத்தைக் கட்டிப்போட்டுக்கொண்டு கையை மட்டும் ஆட்டினாள். அந்த ஒத்திகைப் படத்தைப் பார்த்த அவளுடைய தோழி, பிறவியிலேயே காது கேளாதவள், சைகையில் கேட்டாளாம்: "என்ன, தூக்கக் கலக்கமா? பாதி புரியல."

அந்தக் கேள்வியோடுதான் பாப்பா அண்ணியிடம் வந்தாள்.

"அண்ணி, எனக்கு இந்தத் திட்டு போகணும். மேக்கப்பே வேணாம்ங்கிற அளவுக்குப் போகணும்."

3

அக்காவின் பார்லர், வீட்டின் முன்னறைதான். நடுவில் ஒரு திரைச்சீலை. அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் தொழில். இரண்டு நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்தால் அது மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறங்கும். புருவம் திருத்தி முடிக்கிறபோது வாடிக்கையாளர் உட்கார்ந்த உயரத்தைவிட ஒரு சாண் தாழ்ந்திருப்பார். வீட்டுக்காரன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிறவனுக்குத் தன் வீட்டு நாற்காலியைச் சரி செய்ய நேரமில்லை.

அமிலம் தடவி மேல்தோலை உரிக்கிற 'பீல்' போடுவதை அவள் ஒரு பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டாள். அதில் மிக மென்மையானதை மட்டும்தான் தொடுவாள். அவள் அதை விளக்கியபோது அவன் ஒரே வாக்கியத்தில் புரிந்துகொண்டான்: "அதாவது வெங்காயம் உரிக்கிற மாதிரி." அன்றிலிருந்து பீல் போட வருகிற எவரும் அவனுக்கு வெங்காயம்தான். "வெளியில ஒரு வெங்காயம் காத்துக்கிட்டிருக்கு, போ" என்பான். கேட்டுவிடப்போகிறார்கள் என்று அவள் பல்லைக் கடிப்பாள்.

(இடையில் ஒரு குறிப்பு. அக்காவிடம் கேள்வி கேட்க முடியாததால், வீட்டுக்கு வந்து நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது இது. தோலை உரிக்கப் பல வழிகள் இருக்கின்றன. குருணையைத் தேய்த்து உரிப்பது, பழ அமிலம் தடவி உரிப்பது, அதைவிடக் காரமான அமிலங்கள், லேசர். எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு ஆழம்? மேலே செத்த தோலோடு நின்றால் இரண்டு நாள் உதிர்ந்து, முகம் தெளியும். நடுத்தோல் வரை இறங்கினால் அது ஒரு தீப்புண். மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும். அதற்கும் கீழே இறங்குகிற ஒன்று இருக்கிறது. அதைப் போடும்போது இதயத் துடிப்பைக்கூடக் கண்காணிப்பார்களாம். எல்லாமே பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.)

பாப்பாவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை மென்மையான பீல் போட்டிருந்தாள். கன்னம் கொஞ்சம் தெளிந்தது. மூன்றாவது முறைக்கு முன் வழக்கமான பாட்டில் தீர்ந்துபோனது. சரக்கு கொடுப்பவர் வேறு ஒன்றை அனுப்பினார். "அதேதான்க்கா. கம்பெனி மட்டும் வேற" என்றார். லேபிளில் அதே பெயர், அதே அளவு. திறந்து முகர்ந்தால் பெரிதாக வாசனையும் இல்லை.

4

இப்போது அவனிடம் வருகிறேன். இங்கேதான் எழுத்து நின்றுபோனது.

இவ்வளவு நல்ல கணவனை யாராவது நம்புவார்களா? எனக்கே சந்தேகமாக இருந்தது. அதனால் அவனைக் கொஞ்சம் கெடுத்துப் பார்த்தேன்.

[அவன் மனைவியின் தொழிலை மதித்ததே இல்லை. அன்றும் அவளை மட்டம் தட்டுவதற்காகவே]

இல்லை, அவன் அப்படி இல்லை. கேலி செய்வான், மட்டம் தட்ட மாட்டான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அக்காவின் குரலிலேயே தெரிந்தது.

[அவன் ஒரு மகான்.]

அதுவும் இல்லை. ஈரத் துண்டைக் கட்டிலின்மேல் போடுகிறவன். சாப்பிட உட்கார்ந்தால் போனைப் பார்த்துக்கொண்டே "உப்பு கம்மி" என்பான். உப்பை எடுத்துவந்தால் தட்டு காலியாக இருக்கும். மாமியார் வீட்டில் யாருக்கு என்ன உடம்பு என்று அவனுக்கு ஒருபோதும் நினைவிருக்காது.

பிறகுதான் அக்கா போகிறபோக்கில் சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. அவன் ஒரு லிஃப்டைப் பழுது பார்த்து முடித்தால், வேறு யாரையும் முதலில் ஏறவிட மாட்டான். தான் மட்டும் ஏறி, மேல் மாடி வரை போய், கீழே வந்து, கதவைத் திறந்துவிட்டுத்தான் "போகலாம்" என்பான். வெளியே யார் அவசரப்பட்டாலும் சரி. அதில் அவனுக்குத் தியாகம், வீரம் என்று எதுவும் கிடையாது. வேலை என்றால் அதோடுதான் முடியும், அவ்வளவுதான்.

அதன்பிறகு அவனைக் கெடுக்கவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. அவன் தானாகவே நடந்துவந்து திரைச்சீலையை விலக்கினான்.

5

மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். தங்கை, இறங்காத நாற்காலியில் சாய்ந்திருந்தாள். முடியை வாரித் தலைப்பட்டை போட்டு, முகத்தைத் துடைத்து, கண்மேல் ஈரப் பஞ்சு வைத்தாகிவிட்டது. அக்கா பஞ்சுத் துணியைச் சதுரமாக மடித்து வைத்துவிட்டுப் புதிய பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இது புதுசா இருக்கு?" என்றான்.

"அதேதாங்க. கம்பெனிதான் வேற."

"ஓட்டிப் பாத்தியா?"

"ஓட்டிப் பாக்க இது என்ன லிஃப்டா?"

"யார் மேலயாவது போட்டுப் பாத்தியான்னு கேக்கறேன்."

வழக்கமாகக் காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்து, இரண்டு நாள் கழித்துத்தான் முகத்தைத் தொடுவாள். இந்த முறை செய்யவில்லை. பஞ்சுக்கு அடியிலிருந்து பாப்பாவே பதில் சொன்னாள்: "ரெண்டு தடவ போட்டாச்சு அண்ணா, எனக்கு ஒண்ணும் ஆகல. அண்ணிய தொந்தரவு பண்ணாத. அடுத்த வாரம் ஷூட்டிங்."

அவன் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்து, முன்கையின் உள்பக்கத்தை மனைவியின் முன்னால் நீட்டினான்.

"போடு."

"சாப்பாடு ஆறுதுங்க, போங்க."

"போட்டுட்டுப் போறேன். சீக்கிரம், பசிக்குது."

விவாதம் செய்வதைவிடப் போட்டுவிடுவது சுலபம் என்றுதான் போட்டாள். அந்த மடித்த துணியை நனைத்து அவன் கையில் வைத்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"அப்படித்தான் இருக்கும்."

கொஞ்ச நேரம் போயிற்று.

"எறும்பு இல்ல" என்றான், மெதுவாக. "தேள்."

அவள் துணியை எடுத்தாள். அடியில் தோல் வெளுத்துப்போயிருந்தது. சிவப்பு என்றால் அவளுக்குத் தெரியும். லேசான சிவப்பு வரும், போகும். இது சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வெள்ளை, சதுரமாக, ஓரம் பிசகாமல். பயிற்சி வகுப்பில் ஒரே ஒரு படத்தில் காட்டியிருந்தார்கள்: இந்த நிறத்தைப் பார்த்தால் நீங்கள் தொடக்கூடாத இடத்துக்குப் போய்விட்டீர்கள்.

அவனை இழுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவன் பல்லைக் கடித்தபடி, "இன்னைக்கு வெங்காயம் நான்தான் போல" என்றான். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அது முதல் ஓட்டை. நான் அதை அடைக்கவில்லை.

முன்னறையில் பாப்பா, கண்மேல் பஞ்சோடு, நடந்தது எதுவும் தெரியாமல் படுத்திருந்தாள்.

"அண்ணி, ஆரம்பிச்சாச்சா?"

அந்தக் கேள்வி இன்னும் காதில் நிற்கிறது என்றார் அக்கா. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு, திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் துடைத்து வைத்திருந்த அந்த முகத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

பாப்பா எழுந்து வந்து கையைப் பார்த்தாள். முதலில் அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அப்ப என் நிகழ்ச்சி?"

(இந்த வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். பாப்பாவை வாசகர்களுக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று. ஆனால் அக்கா இதைச் சொன்னபோது அதில் ஒரு துளி மனத்தாங்கல் இல்லை. "பாவம், பயந்துட்டா. மனசுல இருக்கறதுதானே மொதல்ல வாயில வரும்" என்றார். அவரே மன்னித்த வாக்கியத்தை அழிக்க நான் யார்?)

சொன்ன மறுகணமே பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆட்டோவைக் கூப்பிட ஓடியதும் அவள்தான், துடைத்த முகத்தோடு, தலைப்பட்டையைக்கூடக் கழற்றாமல்.

6

தோல் மருத்துவர் கையைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். "லேபிள்ல இருக்கற சரக்கு இதுக்குள்ள இல்லைன்னு நினைக்கறேன். இது ரொம்பக் காரம். நடுத்தோல் வரைக்கும் எறங்கியிருக்கு" என்றார். பிறகு, முழுக்கத் துடைத்த முகத்தோடு நின்ற பாப்பாவைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"முகத்துக்குப் போட இருந்தீங்களா?"

அக்கா தலையை ஆட்டினாள்.

"நம்ம மாதிரி நெறத்துக்குத் தோல் வெந்தா, அது கறுத்துத்தான் ஆறும். சில சமயம் தழும்பே நின்னுடும். மங்கு போகணும்னு போய் அதைவிடப் பெரிய கறுப்போட எங்கிட்ட வர்றவங்க நெறைய" என்றார். "கைன்னா சட்டைய எறக்கிவிட்டுக்கலாம்."

பாப்பா தயங்கித் தயங்கித் தன் கன்னத்தைக் காட்டினாள். "இது போகுமா டாக்டர்?"

"குறையும். போயிடும்னு அடிச்சுச் சொல்றவங்ககிட்ட மட்டும் போகாதீங்க. மொதல்ல வெயில் படாம காப்பாத்தணும், தெனமும் க்ரீம் போடணும். அது இல்லாம எந்தப் பீலும் வீண். போட்டாலும் மெதுவா, கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

அந்தச் சதுரம் அடுத்தடுத்த வாரங்களில் பழுத்து, பழைய தோல்பை மாதிரி விறைத்து, ஓரத்திலிருந்து சுருண்டு உரிந்தது. உள்ளே இளஞ்சிவப்பு. அது ஆறியபோது சுற்றியிருந்த தோலைவிட இரண்டு மடங்கு கறுப்பு. பாப்பா வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றியதும் முதலில் அண்ணன் கையைத்தான் பிடித்துப் பார்ப்பாள். ஒருநாள் அந்தச் சதுரத்தின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். அதே கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்தாள். அளவு சரியாக இருந்தது.

"அண்ணா, இது என்னுது" என்றாள்.

"தாராளமா வந்து எடுத்துக்கோ" என்றான் அவன், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் அழுதாள், சிரித்தாள். அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

இதற்குள், சொன்ன நாளில் நிகழ்ச்சியும் நடந்தது. மேக்கப்காரரிடம், "மங்கு தெரிஞ்சா தெரியட்டும், லேசா போடுங்க. என் முகம் அசையணும்" என்று சொல்லிவிட்டாள். திரை முழுக்க அவள், திட்டுத் திட்டான கன்னத்தை உப்பி, புருவத்தை ஏற்றி, உதட்டைச் சுழித்து. முடிந்ததும் அந்தத் தோழி வீடியோ அழைப்பில் வந்தாள். மங்கு பற்றி ஒரு வார்த்தை இல்லை. அணை பற்றிய செய்தியில் பாப்பா சொன்னது தப்பு என்று சண்டை பிடித்தாள். பாப்பா அவ்வளவு சந்தோஷமாக யாரிடமும் சண்டை போட்டதில்லை.

அக்கா அந்தப் பாட்டிலைத் திருப்பி அனுப்பினாள். சரக்குக்காரர் மன்னிப்புக் கேட்டாரா, மழுப்பினாரா? அது இரண்டாவது ஓட்டை. இப்போது யார் வந்து அவசரப்படுத்தினாலும் காதுக்குப் பின்னால் துளி வைக்காமல் முகத்தைத் தொடுவதில்லை. மங்கு என்று வந்தால் மருத்துவரின் முகவரியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறாள். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு பார்லருக்குப் போகிறார்கள். போகட்டும் என்கிறாள்.

(அந்தப் பாட்டிலுக்கு அடுத்த முகம் என்னுடையதாக இருந்தது என்று எழுதினால் கதை எங்கேயோ போய்விடும். எழுதியும் பார்த்தேன். உண்மை இல்லை. நான் புருவத்துக்கும் களிமண்ணுக்கும் மட்டும் போகிற ஆள். ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் சாதாரண முகத்தைப் பார்த்தபோது, யாருக்கென்று தெரியாமல் ஒரு நன்றி வந்தது. யாரோ எங்கேயோ தன் கையில் போட்டுப் பார்த்ததால்தானே நாம் எல்லாவற்றையும் முகத்தில் பூசிக்கொள்கிறோம்?)

7

முடிவுக்கு வந்துவிட்டேன். முடிவுதான் வரவில்லை.

களிமண் காய்ந்து என் முகம் இறுகியிருந்தபோது அக்கா கடைசியாகச் சொன்னது இது: "இதுவரைக்கும் அவருகிட்ட நான் ஒண்ணும் சொல்லலைங்க. எப்படிச் சொல்றதுன்னே தெரியல." அப்போது வாசல் மணி அடித்தது, புருவத்துக்கு யாரோ வந்தார்கள், என் முகத்தைக் கழுவிவிட்டார். எனக்கு வாய் கிடைத்தபோது அவருக்கு நேரமில்லை.

அது மூன்றாவது ஓட்டை. இதுதான் பெரியது. நம் வீடுகளில் ஒரு வினோதம் உண்டு. தண்ணீர் கொடுத்த முன்பின் தெரியாதவருக்கு நன்றி சொல்வோம். கட்டின புருஷனுக்கோ பொண்டாட்டிக்கோ சொன்னால் மேடையில் பேசுகிற மாதிரி இருக்கும். அந்தச் சொல் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. முடிவை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

[அவள் அவன் அருகே வந்து, "தேங்க்ஸ்ங்க" என்றாள். அவன் போனைக் கீழே வைத்துவிட்டு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "காய்ச்சலா?"]

சிரிப்பு வருகிறது. ஆனால் இதில் அவள் தோற்றுவிடுகிறாள்.

[அவன் பழுது பார்த்து முடித்த ஒரு லிஃப்டுக்குள், அவன் தடுக்கத் தடுக்க அவளும் ஏறிக்கொண்டாள். "மொத சவாரிக்கு இனிமே ரெண்டு பேர்" என்றாள். கதவு மூடியது.]

இது ரொம்ப அழகாக இருக்கிறது. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது. அக்கா இப்படிச் செய்கிற ஆள் இல்லை. அவளுக்கு லிஃப்ட் என்றாலே தலைசுற்றும்.

[அவள் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. அதுதான்]

அதுதான் என்ன? 'அதுதான் அன்பு' என்று முடிக்கப் பார்த்தேன். கை கூசியது. சொல்லாமல் இருப்பதை அன்பு என்று சொல்லியே எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் ஒன்றும் கேட்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஒரு நாள் போய் அக்காவிடமே கேட்டுவிடலாம். தெரு திரும்பினால் பார்லர். இப்போது வாயும் இருக்கிறது. ஆனால் கேட்கப்போவதில்லை. கேட்டால் அது அவர்கள் வீட்டு முடிவாகப் போய்விடும். எனக்கு வேண்டியது உங்கள் வீட்டுடையது.

உங்கள் முகத்துக்கு முன்னாலும் யாரோ கை நீட்டியிருப்பார்கள். கண்மேல் பஞ்சோடு, "ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்ததால் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது தெரியும் இல்லையா? அவருக்கு உங்கள் வீட்டில் அதை எப்படிச் சொல்வீர்களோ, அப்படியே இங்கே எழுதிக்கொள்ளுங்கள். மின்விசிறியை அவர் பக்கம் திருப்புவது, மீந்த ஒரே துண்டை அவர் தட்டில் நகர்த்துவது, கூப்பிடாமலேயே பக்கத்தில் போய் உட்காருவது, எதுவானாலும் சரி. இதுவரை எப்படியும் சொன்னதில்லை என்றால், இதை இங்கேயே மூடி வைத்துவிட்டு எழுந்து போங்கள். எனக்கு வருத்தமில்லை.

நான் இடம் மட்டும் விட்டு வைக்கிறேன்:

அவன் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான். கையிலிருந்த கறுப்புச் சதுரம் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. அவள் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு